கரை வெட்டாத குயில்ட்

மே 19, திங்கள்

துறைத் தலைவர் சகாயமேரி மேடம் இன்று அழைத்தார். கல்லூரி ஜூன் பதினாறாம் தேதி திறக்கிறது. என் இடத்தை இதுவரை எனக்காகக் காலியாக வைத்திருந்தார்கள், இனிமேல் முடியாதாம்.

"வந்துருவீங்கல்ல மிருதுளா? நீங்க வரலைன்னா நிகழ்தகவுப் பேப்பரை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. குடுத்துட்டா அப்புறம் திருப்பி வாங்க முடியாதும்மா."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னபோது குரல் நன்றாகத்தான் இருந்தது. போனை வைத்ததும் சம்மு மூச்சு விடுகிறாளா என்று போய்ப் பார்த்தேன். அவள் எழுந்து உட்கார்ந்து தன் காலுறையைத் தின்றுகொண்டிருந்தாள்.

என் மகள் சம்முவுக்கு ஒன்றேகால் வயது. பிறந்ததிலிருந்து அவள் என் கண்ணில் படாமல் இருந்த மிக நீண்ட நேரம், நான் தலைக்குக் குளித்த நேரம்தான். மாலையில் என் கணவரும் நானும் அவளைத் தூக்கிக்கொண்டு மின்மினி குழந்தைகள் காப்பகத்தைப் பார்க்கப் போனோம். ஜன்னல் கம்பி, கேட்டின் கொக்கி, தண்ணீர்த் தொட்டியின் மூடி, பாத்ரூம் தரையின் வழுக்கல் எல்லாவற்றையும் சோதித்தேன். குறை ஒன்றும் கிடைக்கவில்லை. அது ஏமாற்றமாக இருந்தது என்று எழுதுவது சரியல்ல.

காப்பகத்தை நடத்தும் இந்துலேகா டீச்சர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"மத்தியானம் படுக்க வீட்ல இருந்து ஒரு விரிப்பு கொண்டாந்துருங்க. அவங்கவங்க விரிப்புல படுத்தாத்தான் பிள்ளைங்க அழுகாம தூங்கும்."

வரும் வழியில் கடையில் பார்த்தோம். எந்த விரிப்பைத் திருப்பினாலும் நூல் தொங்குகிறது. குழந்தையின் கால்விரலில் ஒரு நூல் இறுகச் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். படித்திருக்கிறேன். அதற்கு வாய்ப்பு எவ்வளவு என்று என் மாணவர்களைக் கேட்டால், மிகக் குறைவு என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். மிகக் குறைவு என்பது பூஜ்யம் இல்லையே.

ஆகவே நானே தைக்கப் போகிறேன். குயில்ட். மேலே சதுரம் சதுரமாக ஒட்டுத்துணி, நடுவில் மெல்லிய பஞ்சு, அடியில் ஒரு முழுத்துணி, மூன்றையும் சேர்த்துத் தையல். கரூரில் இருந்துகொண்டு துணிக்கு அலைய வேண்டியதில்லை.

மே 20, செவ்வாய்

சம்மு செருப்பைக் கடித்தாள். டாக்டரைக் கூப்பிடவில்லை. இணையத்தில் மட்டும் பார்த்தேன்.

மே 22, வியாழன்

அவர் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சன்டைசர், ஆர்டர்களைக் கவனிப்பவர். வேண்டாமென்று ஒதுக்கிய சாம்பிள் துணிகளை ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தார். இளம்பச்சை, மஞ்சள் பூ, நீலக் கட்டம், எதற்கென்றே தெரியாமல் யானை போட்ட ஒன்று. சம்மு மூட்டைக்குள் தலைகுப்புற விழுந்தாள். எடுத்தேன், மறுபடி விழுந்தாள்.

துணியின் இரு பக்க ஓரத்திலும் ஒரு விரல் அகலத்துக்குக் கட்டியாக, நெருக்கமாக நெய்திருக்கிறது. தறியில் துணி பிரிந்துபோகாமல் பிடித்துக்கொள்வது அதுதான். அவர் கம்பெனியில் செல்வேஜ் என்பார்கள், தையல்காரர்களுக்குக் கரை. சிலவற்றின் கரையில் வண்ணப் பொட்டுகள் வரிசையாக அச்சாகியிருக்கின்றன. எல்லாவற்றிலும் மெஷின் முள் குத்திய பொடி ஓட்டைகள்.

நான் பார்த்த வீடியோவில் முதல் வேலையே இந்தக் கரையை வெட்டி எறிவதுதான். ஒரு துணியை எடுத்துக்கொண்டு கீழே தமயந்தி நங்கையாளிடம் போனேன். அவருடைய அக்கா. எங்கள் வீட்டுக் கீழ்த்தளம் முழுக்க அக்காவுடைய தையல் கூடம், பெட்ஷீட்டும் தலையணை உறையும். எங்கள் பக்கத்தில் கணவரின் அக்காவை நங்கையா என்றுதான் கூப்பிடுவோம்.

"நங்கையா, இந்தக் கரையை வெட்டிரணும்னு சொல்றாங்க."

"ஆரு சொன்னது?"

"வீடியோவுல. அமெரிக்காவுல ஒரு அம்மா."

"அந்தம்மா நம்மூருல ஒரு நாளாச்சும் இருந்திருக்குதா?" தமயந்தி நங்கையா மெஷினை நிறுத்தவேயில்லை. "கரைங்கறது நெய்யறவன் சும்மா குடுக்கற தையலு கண்ணு. பெட்ஷீட்டுல ரெண்டு பக்கம் மடிச்சுத் தைக்காம வுடறமே, எதனால? கரை இருக்கறதனால. பிரியாது, நூலு வராது. அதைப் போயி வெட்டி வீசறாங்களாம். போட்டிருக்கற மோதரத்தைக் கழட்டிப் போட்டுட்டு வெரல்ல கயிறு சுத்திக்கற கதையா இருக்குது."

"அந்தம்மா குயில்ட்டுக்குச் சொல்றாங்க."

"துணி துணிதான் அம்மிணி. பெட்ஷீட்டுன்னா ஒரு புத்தி, குயில்ட்டுன்னா ஒரு புத்தியா அதுக்கு?"

பிரியாது, நூல் வராது. எனக்கு வேறென்ன வேண்டும்.

மே 24, சனி

வெட்டினேன். ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு பக்கமாவது கரை வருகிற மாதிரி பார்த்துப் பார்த்து வெட்டினேன். அதற்காகக் கொஞ்சம் துணி வீணானது. பரவாயில்லை.

தைக்கும்போது கரையும் கரையும் சேரும் இடத்தில் ஊசி திணறுகிறது. ஓர் இடத்தில் உடைந்தே போனது. உடைந்த முனை கிடைக்கும்வரை கூடத்தில் யாரையும் நடக்கவிடவில்லை. காந்தத்தை வைத்துத் தரை முழுக்கத் தடவினேன்.

"வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வந்தாக்கூட இத்தனை தேட மாட்டாங்க" என்றார் தமயந்தி நங்கையா.

முனை என் சேலை மடிப்பில் இருந்தது.

மே 28, புதன்

மாரியம்மன் பண்டிகை. கோயிலில் நட்டிருந்த கம்பம் இன்று ஆற்றுக்குப் போகிறது, கூடத்துக்கு விடுமுறை. எல்லோரும் ஆற்றுக்குப் போனார்கள். அவர் சம்முவைத் தோளில் வைத்துக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வருகிறேன் என்றார். அந்தக் கூட்டத்தில், அந்த வெயிலில், தோளிலா. தொலைக்காட்சியில் காட்டுவார்கள் என்றேன். காட்டினார்கள். சம்மு பார்க்கவில்லை, ரிமோட்டின் பின்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

ஆள் இல்லாத கூடத்தில் மெஷின் எல்லாம் எனக்கே. மாலைக்குள் முடித்துவிட்டேன். மஞ்சள் பூவுக்குப் பக்கத்தில் யானை, யானைக்குப் பக்கத்தில் நீலக் கட்டம். திருப்பிப் போட்டுப் பார்த்தேன், ஒரு நூல் நுனி வெளியே இல்லை. கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கியபோதுகூட இவ்வளவு நேரம் ஒன்றைத் தடவிக்கொண்டிருந்ததில்லை.

"அழகா இருக்குது மிருது" என்றார் அவர். "நாளைக்கே காப்பகத்துல குடுத்துட்டு வந்துரலாமா? பாப்பாவும் ரெண்டு நாள் பழகுன மாதிரி இருக்கும்."

துவைக்காமல் எப்படி. புதுத்துணியில் என்னென்ன ரசாயனம் இருக்கிறதோ.

மே 30, வெள்ளி

கொதிக்கிற தண்ணீரில் கிருமிநாசினி விட்டு ஊற வைத்தேன். அலசி, சந்தேகம் வந்து இன்னொரு முறை ஊற வைத்தேன். கத்திரி வெயில் போனாலும் மொட்டைமாடி அனல்தான், சீக்கிரமே காய்ந்துவிட்டது.

எடுக்கப் போனால் கொடியில் வேறு யாருடையதோ தொங்குகிறது. ஒவ்வொரு சதுரமும் நடுவில் பூரி மாதிரி உப்பி, ஓரத்தில் சுருங்கி, தையல் போன இடமெல்லாம் இறுகி நெளிந்து கிடக்கிறது. தரையில் விரித்தேன், படுக்க மறுத்தது. நாலு மூலையும் மேலே எழும்பி நிற்கிறது. சம்மு ஓடிவந்து ஒரு பூரியின் மேல் உட்கார்ந்தாள். பக்கத்துப் பூரி எழும்பியது. அவளுக்கு ஒரே சந்தோஷம்.

மே 31, சனி

இஸ்திரி போட்டேன். பூரிகள் சப்பாத்தி ஆகவில்லை.

தமயந்தி நங்கையா வந்து வெகுநேரம் பார்த்தார். குனிந்து பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார்.

"தண்ணிதான்" என்றார் கடைசியில்.

"தண்ணியா?"

"நம்மூரு தண்ணி உப்பு கண்ணு. உப்புத் தண்ணியில எதுதான் சுருங்காம இருக்கும்? என்னையவே பாரு, கலியாணத்துல எப்படி இருந்தேன்."

"நங்கையா, கரை இழுத்துருச்சோன்னு..."

"கரை மேல பழி போடாத. அது பாட்டுக்குச் சும்மா இருக்குது."

அவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, எனக்கு ஆபீஸில் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். சனிக்கிழமை அவருக்கு அரைநாள்தான்.

ஜூன் 2, திங்கள்

படித்த படிப்பு இதற்காவது உதவட்டும் என்று ஒரு சோதனை செய்தேன். நீலக் கட்டத்தில் சம அளவில் துண்டுகள் வெட்டினேன். பாதியில் கரையை விட்டேன், பாதியில் எடுத்துவிட்டேன். ஒரே வாளி, ஒரே தண்ணீர், அதே உப்பு. காய வைத்தேன்.

கரை எடுத்தவை எல்லாம் கொஞ்சம் சுருங்கி, ஆனால் நேராகக் கிடந்தன. கரை வைத்தவை வில் மாதிரி வளைந்துவிட்டன. தண்ணீர் பட்டதும் துணி தளர்ந்து தன் அளவுக்கு வருகிறது. கரை அதோடு போகாமல் பிடித்துக்கொண்டு தன் பக்கம் இழுக்கிறது. பெட்ஷீட்டில் அது வெளி ஓரத்தில் இருப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. நான் அதைக் கொண்டுபோய் நட்டநடுவில், நாலு தையலுக்குள் பூட்டியிருக்கிறேன். கரை தன்னளவில் நல்லதுதான். இவ்வளவு கெட்டியாகப் பிடிக்க வேண்டியதில்லை, அவ்வளவே.

துண்டுகளைக் கீழே கொண்டுபோய்க் காட்டினேன். தமயந்தி நங்கையா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"அப்ப வெட்டிப்போட்டுத் தைய்யி. நான்தான் அன்னைக்கே சொன்னேனே, பெட்ஷீட்டு வேற, இது வேறன்னு."

பக்கத்து மெஷின்காரர்கள் குனிந்துகொண்டார்கள்.

ஜூன் 4, புதன்

இன்று சம்முவைச் சிறிது நேரம் காப்பகத்தில் விட்டுப் பழக்குவதாக இருந்தது. குயில்ட் தயாராகவில்லை என்று டீச்சருக்குப் போன் செய்தேன்.

"பழைய துண்டு ஒண்ணு குடுத்தனுப்புங்க, போதும்" என்றார்.

துண்டு சரிவராது என்று சொல்லிவிட்டேன்.

சகாயமேரி மேடத்தின் அழைப்பை எடுக்க முடியவில்லை. கையில் தையல் பிரிக்கும் கொக்கி இருந்தது.

ஜூன் 5, வியாழன்

முழுவதையும் பிரித்தாக வேண்டும். கட்டியான கரையில் தையல் ஆழமாகப் போய் உட்கார்ந்திருக்கிறது, ஒவ்வொரு கண்ணியாக நெம்பி எடுக்க வேண்டும். பிரித்த நூல் ஒன்றையும் தரையில் விடாமல் ஒரு டப்பாவில் போட்டு மூடுகிறேன்.

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கொஞ்சம் பிரித்துக் கொடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"மிருது, ஒண்ணு கேக்கட்டுமா? இது முடியாம பாப்பாவை அனுப்ப மாட்டே. சரி. இது முடியணும்னு உனக்கு இருக்குதா?"

"இதென்னங்க கேள்வி?"

"மேடம் எனக்குப் போன் பண்ணினாங்க. நீ எடுக்கலையாம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை டைம்டேபிள் போடறாங்களாம். அதுக்குள்ள தெரியணும்னாங்க."

"வர்றேன்னு சொல்லியாச்சே."

"சொன்னே. அதுக்கப்புறம் ரெண்டு தடவை கூப்பிட்டும் எடுக்கலைன்னா அவங்க என்ன நெனைப்பாங்க?"

கை வேலையாக இருக்கும்போது யார்தான் போனை எடுக்க முடியும். எனக்குக் கோபமெல்லாம் இல்லை. அவர் வைத்த ரசத்தில் உப்பு குறைவு என்று மட்டும் சொன்னேன். குறைவாகத்தான் இருந்தது.

ஜூன் 7, சனி

கரைகளை வெட்டினேன். முள் குத்திய ஓட்டைகள் முடிகிற இடத்தைத் தாண்டி ஒரு நூலளவு போனால் போதும் என்கிறது வீடியோ. ஒரு நூலளவை எப்படி நம்புவது. இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டினேன். வெட்டியது கோணலாகிவிட்டது, நேராக்க இன்னும் கொஞ்சம். ஒன்று சின்னதானதும் மற்றதெல்லாம் அதே அளவுக்கு வர வேண்டுமல்லவா, அவற்றிலும் கொஞ்சம். வெட்டிய ஓரங்கள் எல்லாம் பிரியக்கூடும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஓவர்லாக் அடித்தேன். தைத்த பிறகு அவை உள்ளேதானே போகப்போகின்றன என்றார் அவர். போகட்டும்.

தமயந்தி நங்கையா ஒரு சதுரத்தை எடுத்து முகம் துடைத்துக்கொண்டார்.

"நல்ல கைக்குட்டை அம்மிணி. போர்வை எங்க?"

"சேத்துத் தைச்சா வருமுங்க."

"வரும் வரும். சம்மு காலேஜுக்குப் போறப்ப முடிஞ்சுரும். உன்ற காலேஜுக்கே போவா. நீதான் அங்க இருக்க மாட்டே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மாடிக்கு வந்த பிறகு சம்மு ஏதோ காட்டி 'ந்தா' என்றாள், நான் திரும்பவே இல்லை போலிருக்கிறது, வந்து என் முழங்காலைக் கடித்தாள்.

ஜூன் 10, செவ்வாய்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

மதியம் கூடத்தில் எல்லோரும் சாப்பிட எழுந்திருந்தார்கள். நான் ஜன்னலோர மெஷினில் சதுரங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். சம்மு என் காலடியில் விரித்த பாயில் டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தாள். கதவு சாத்தியிருந்தது, கத்தரிகள் எல்லாம் அலமாரி மேலே. பாபினில் நூல் சிக்கிக்கொண்டது. குனிந்து அதை எடுத்துவிட்டு நிமிர்ந்தால் டப்பா இருக்கிறது, அவள் இல்லை.

கூப்பிட்டேனா என்று நினைவில்லை. மெஷின்களின் அடியில் எல்லாம் தேடினேன். துணிக் கட்டுகளின் பின்னால் பார்த்தேன். அடுப்படிப் பக்கத்திலிருந்து தமயந்தி நங்கையா சோற்றுக் கையோடு வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு நேராக மூலைக்குப் போனார். அங்கேயே நின்று உதட்டில் விரலை வைத்தார்.

அந்த மூலையில்தான் வெட்டிய கரைகளைக் குவித்திருக்கிறார்கள். தலையணை உறைக்கு வெட்டும்போது கழித்த அவர்களுடையதும் என்னுடையதும் சேர்ந்து இடுப்பளவுக்கு. புதுத் தறிகளில் நெய்த துணியின் கரைகள் ஓரமெல்லாம் நூல் நூலாகத் தொங்குபவை, புசுபுசுவென்று பூனைவால் மாதிரி. அந்தக் குவியலின் நடுவில் ஒரு குழி. குழியில் சம்மு. வயிற்றின் குறுக்கே ஒரு கரை, கையில் ஒரு கரை, தலை முழுக்க வண்ண நூல். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள்.

இந்த ஊரில் இருக்கிற நூல் மொத்தமும் அவள் மேல்தான் இருந்தது.

"எழுப்புனே, உன்னைய இதே கரையில கட்டிப்போட்டுருவேன்" என்று தமயந்தி நங்கையா காதோரம் சொன்னார். "நான் தாலாட்டி, நீ தாலாட்டி, பகல்ல ஒரு நாளாச்சும் இப்படித் தூங்கியிருக்காளா?"

முட்டி போட்டு உட்கார்ந்து அவள் கால்விரல்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றாக. இடது காலின் சின்ன விரலில் ஒரு பச்சை நூல் இருந்தது. சுற்றித்தான் இருந்தது. கையால் தொட்டால் விழித்துக்கொள்வாளோ என்று ஊதினேன். பறந்துவிட்டது.

அவ்வளவுதான். ஊதினேன், பறந்துவிட்டது.

அவள் தூக்கத்தில் காலை இழுத்துக்கொண்டு மறுபக்கம் புரண்டாள். இன்னும் நாலைந்து நூல் ஒட்டிக்கொண்டது. தமயந்தி நங்கையா சாப்பாட்டை முடிக்கப் போய்விட்டார். நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்தது, மெஷினுக்குப் போனேன். சாப்பிடப் போனவர்கள் வந்து எல்லா மெஷினும் ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்திலும் அவள் எழவில்லை. நான் ஒரு முழு வரிசையைச் சேர்த்து முடித்திருந்தேன். கரை இல்லாத துணியில் ஊசி எவ்வளவு எளிதாகப் போகிறது.

மாலை சகாயமேரி மேடத்துக்குப் போன் செய்தேன்.

"எங்கம்மா போனீங்க?" என்றார்.

"தையல் வேலையா இருந்தேன் மேடம். டைம்டேபிள்ல என் பேரைப் போட்டுருங்க. முதல் பீரியடே குடுத்தாலும் சரிதான்."

"குடுத்துருவேன். அப்புறம் புலம்பக் கூடாது."

ஜூன் 12, வியாழன்

குயில்ட் நேற்றே முடிந்தது. தட்டையாகப் படுக்கிறது. நீளம்தான் கம்மி, சம்மு காலை நீட்டினால் பாதம் தரையில்.

காப்பகத்தில் இன்று பழக்கினோம். இந்துலேகா டீச்சர் குயில்ட்டை வாங்கி விரித்துப் பார்த்துவிட்டு மூக்கருகே கொண்டுபோனார்.

"நல்லாத் தைச்சிருக்கீங்க. ஆனா ஆஸ்பத்திரி மாதிரி மணக்குதே."

"நேத்து துவைச்சேங்க."

"ஏங்க துவைச்சீங்க? வீட்டு வாசனை வேணும்னுதானே விரிப்பே கொண்டாரச் சொல்றது. எடுத்துட்டுப் போயி ரெண்டு நாளு நீங்க படுத்து எந்திரிச்சு, அப்படியே அழுக்காக் கொண்டாங்க."

அழுக்காக. இப்படி ஒரு வார்த்தையை ஒரு டீச்சர் வாயிலிருந்து கேட்பேன் என்று நினைக்கவில்லை.

சம்முவை உள்ளே விட்டுவிட்டு நாங்கள் எதிரே டீக்கடையில் நின்றோம். அழுகிறாள், நன்றாகக் கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

"ஏங்க சத்தத்தைக் காணோம்?"

"அழுதா ஏன் அழறான்னு கேக்கறே. அழுகலைன்னா ஏன் அழுகலைன்னு கேக்கறே. டீயைக் குடி."

குடித்தேன். சூடு தெரியவில்லை, பிறகுதான் நாக்கு வெந்திருப்பது தெரிந்தது.

ஜூன் 14, சனி

குயில்ட்டின் மேல் நான் படுக்கிறேன். தலையும் தோளும்தான் கொள்கிறது. எனக்கும் ஒரு வாசனை இருக்கிறதே, அது வேண்டாமா என்று அவரும் ஒரு ஓரத்தில் தலையை வைத்தார். சம்மு எங்கள் இருவர் மேலும் ஏறிப் போய், யானை போட்ட சதுரத்தில் பிஸ்கட்டை ஊறவைத்து அப்பினாள். வாசனைக்குப் பஞ்சமில்லை.

துவைக்கவில்லை. எழுந்துபோய் வாளியில் தண்ணீர் பிடித்தேன். அதில் என் சேலையை நனைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 16, திங்கள்

காலையில் சம்முவைக் குயில்ட்டோடு காப்பகத்தில் கொடுத்தேன். டீச்சர் முகர்ந்து பார்த்து, இப்ப சரி என்றார். சம்மு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அலறினாள். டீச்சர் அவள் விரல்களைப் பிரித்தார். இந்த வரியை இத்தோடு விடுகிறேன்.

கல்லூரியில் எல்லாம் அப்படியே இருக்கிறது. என் நாற்காலிக்கு மட்டும் ஒரு கால் ஆடுகிறது. மேடம் முதல் பீரியடே கொடுத்திருந்தார், சொன்னதைச் செய்கிறவர். பையில் போனை வைத்து, பையை மேஜையில் வைத்து, போன் மணி கேட்கிற மாதிரி ஜிப்பைத் திறந்து வைத்தேன். வருகைப் பதிவு எடுத்தேன். இரண்டாம் ஆண்டு, புதுமுகங்கள், விடுமுறை போதையில் இருக்கிறார்கள்.

நிகழ்தகவு என்று எழுதி வரையறையில் ஆரம்பித்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். ஷர்மிளா பானு என்று பெயர்.

"மேடம், ஒண்ணு நடக்கறதுக்கு வாய்ப்பு பூஜ்யம்னா, அது நடக்கவே நடக்காதுன்னு அர்த்தமா?"

"நீ என்ன நெனைக்கறே?"

"நடக்காதுன்னுதான் நெனைக்கறேன். ஆனா நீங்க இப்படிக் கேட்டா வேற பதில் இருக்கும்."

வகுப்பு சிரித்தது. நான் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் ஒரு கோடு போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு இந்தக் கோட்டில் ஏதோ ஓர் இடத்தில் ஊசி முனையால் குத்து. சரியாக அந்த ஒரு புள்ளியில் குத்துவதற்கு வாய்ப்பு எவ்வளவு? பூஜ்யம். ஆனால் குத்திவிட்டாயே, எங்கேயோ ஓர் இடத்தில் குத்தித்தானே ஆக வேண்டும்? முன் வரிசைப் பையன் அதெப்படி என்றான். நடு வரிசையில் இரண்டு பேருக்குள் சண்டை வந்தது. ஒருவன் எழுந்துவந்து என் கையிலிருந்து சாக்பீஸை வாங்கிக்கொண்டான். ஷர்மிளா பானு அவனிடமிருந்து பிடுங்கினாள். நான் மேஜை மேல் சாய்ந்து நின்று, இல்லை, அந்த இடத்தில் தப்பு, திரும்ப யோசி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இரண்டு பலகையும் நிறைந்துவிட்டது. மணி அடித்தது, யாரும் எழவில்லை. அடுத்த பீரியட்காரர் வாசலில் நின்று இருமினார்.

ஆசிரியர் அறைக்கு வந்து தண்ணீர் குடிக்கும்போதுதான் உறைத்தது. ஜிப் திறந்த பையை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு முழு மணி நேரம் சம்மு என்று ஒருத்தி இருப்பதே எனக்கு நினைவில்லை.

சகாயமேரி மேடம் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, வேர்க்குது?"

"மறந்துட்டேன் மேடம்."

"எதை?"

"பொண்ணை."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் சாயங்காலம் வரைக்கும் மறந்தேன். என் பையன் இப்ப எல்.ஐ.சி.ல இருக்கான், நல்லாத்தான் இருக்கான். வடை சூடா வந்திருக்கு, சாப்பிடுங்க."

போனை எடுத்துப் பார்த்தேன். அழைப்பு எதுவும் இல்லை. வடையைச் சாப்பிட்டேன். பசி அப்படி இருந்தது, இன்னொன்றும் சாப்பிட்டேன். அது மேடத்தின் பங்கு என்று பிறகுதான் தெரிந்தது.

மாலை காப்பகத்துக்கு ஓடினேன். டீச்சர் கதவைத் திறந்தார்.

"தூங்குனாளா?"

"தூங்குனா. மேலு உங்க விரிப்புல, காலு தரையில. அதனாலென்ன."

சம்மு தரையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டினேன். ஒரு கிண்ணத்தை எடுத்து எனக்குக் காட்டி 'ந்தா' என்றாள். வாங்கிக்கொள்ள நான் குனிவதற்குள் அதை அடுக்கில் மேலே வைத்துவிட்டு, அடுத்ததைத் தேடத் திரும்பிவிட்டாள்.

வாசற்படியில் உட்கார்ந்து காத்திருந்தேன். அவள் அடுக்கி முடிக்க வெகுநேரம் ஆனது.

ஜூன் 17, செவ்வாய்

எழுத நேரமில்லை, அந்தப் பூஜ்யத்துக்கு நாளைக்குள் ஷர்மிளா பானுவிடம் ஒரு நல்ல பதில் சொல்லியாக வேண்டும். சம்மு தூங்குகிறாள். எதைப் போர்த்தியிருக்கிறாள் என்று போய்ப் பார்க்கவில்லை.